இறக்கத்தில் கத்தும் வண்டி

கொஸ்லந்த
2024 ஆகஸ்ட் 12

அன்புத் தங்கச்சி ஜெயந்தினிக்கு,

பார்சலைப் பிரித்து முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் உனக்கு முதலில் மூக்குக்குத்தான் போகும், எனக்குத் தெரியாதா. பைக்குள் இருப்பது பிரேக் லைனிங் துண்டு. போன வாரம் கழற்றியது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. தைப்பொங்கலுக்கு, பொங்கிவிட்டதா என்று கேட்கத்தான் எடுத்தேன். வைக்கும்போது மச்சான் வந்து சமாதானம் செய்ய வேண்டியதாகிவிட்டது. எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் பங்களா வண்டியைப் பற்றியது. நம் எஸ்டேட் துரை ஒருவர் 1926இல் கப்பலில் இறக்கிய பெரிய வண்டி, நாற்பது வருடம் தேயிலை ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தது என்று சொல்லியிருக்கிறேனே. பதுளை ஹுமைத் முதலாளி பங்களாவை வாங்கி ஹோட்டல் ஆக்கியபோது அதையும் என் கையில் கொடுத்தார். ஆறு வருடம் ஆயிற்று. இப்போது என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று அறிய பொனட்டில் காது வைக்க வேண்டும். அவ்வளவு அமைதி. ஆனால் பிரேக்கை மிதித்தால் போதும், பீலிக்கரையில் குளிக்கிற பெண்கள் வாளியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்துகிறார்கள். போன மாதம் வெள்ளைக்காரச் சோடி ஒன்று அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் சிரிக்கிறார்களாம். முதலாளி சிரிக்கவில்லை.

நவம்பர் 3ஆம் தேதி கொழும்பிலிருந்து ஒரு கல்யாணம் பங்களாவுக்கு வருகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் இந்த வண்டியில் தியலும நீர்வீழ்ச்சி வரை இறங்கிப்போய்ப் படம் எடுக்க வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சின்னராசா, அன்னிக்கும் இது கத்துச்சின்னா கொழும்புக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துருவேன். எனக்கு மனசில்ல, ஆனா வேற வழியும் இல்ல" என்றார். வண்டி போனால் நான் மறுபடி லொறிக்கு அடியில்தான். அது பரவாயில்லை என்று சொல்லலாம். பொய் சொல்ல வரவில்லை. இந்த வண்டியை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

நீ பதினான்கு வருடமாகப் பிரேக் லைனிங் செய்கிற இடத்தில்தான் இருக்கிறாய். உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை, அது உனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

உன் அண்ணி பூவம்மா உன்னை விசாரித்தாள். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
சின்னராசா


பியகம
2024 ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன். கருகல் வாசம். எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை. அதுவரை சந்தோஷம்.

முகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முகம் இல்லாதவர் மூன்று பக்கம் எழுதுகிறார். பதினெட்டு வயதில் பண்டாரவளையில் நீங்கள் வேலை செய்த கராஜுக்கு வந்து, நானும் கற்றுக்கொள்கிறேன் என்றபோது, "பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை, வீட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் துரத்திவிட்டீர்கள். அன்றைக்கு பஸ் வரும்வரை அழுதேன். இருபத்தாறு வருடமாக மனதில் வைத்திருக்கிறேன், இன்றைக்குச் சொல்லிவிட்டேன். இனி வேலையைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பியது லொறி லைனிங். அதை வெட்டி இந்த வண்டிக்குப் போட்டிருக்கிறீர்கள். நாலு டன் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்குகிற சாமானுக்கு என்ன கடினம் வேண்டுமோ அவ்வளவு கடினம் அதில் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் அந்தக் காலத்து மெல்லிய டிரம்மோடு அது உராய்ந்தால் கத்தாமல் என்ன செய்யும். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று தெரியாது. எனக்குச் சில விவரம் வேண்டும். எந்தச் சக்கரம் கத்துகிறது? வேகத்தில் கத்துகிறதா, நிற்கப் போகிற நேரத்திலா? குளிரிலா, சூடானபிறகா? டிரம்மைக் கழற்றிக் கம்பியால் தட்டினால் எவ்வளவு நேரம் ரீங்காரம் வருகிறது?

இன்னொன்று. நீங்கள் முதன்முதலில் கழற்றிய பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் முப்பது வருடம் கழித்துக்கூட ஆளைப் படுக்கவைக்கும். இன்னும் டிரம்முக்குள் மிச்சம் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். தயவுசெய்து வாயால் ஊதவேண்டாம். நீங்கள் ஊதுவீர்கள், எனக்குத் தெரியும்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கிறார்.

தங்கச்சி
ஜெயந்தினி


கொஸ்லந்த
2024 செப்டம்பர் 1

தங்கச்சி,

ஊதினேன். ஆறு வருடமாக ஊதிக்கொண்டுதான் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு நிறுத்திவிட்டேன். பூவம்மாவிடம் அந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டவில்லை.

விவரம் சொல்கிறேன். முன் சக்கரம் இரண்டும் கத்துகின்றன, இடது பக்கம் அதிகம். வேகத்தில் ஒன்றுமில்லை. நிற்கப்போகும் கடைசி நாலைந்து அடியில்தான் ஆரம்பிக்கும். காலையில் பனி மூடியிருக்கும்போது மோசம், சூடேறினால் கொஞ்சம் குறையும். டிரம்மைக் கம்பியில் தொங்கவிட்டுத் தட்டினேன். கோயில் மணி தோற்றது. நான் ஒரு வாய் பிளேன் டீ குடித்து முடிக்கிறவரை அடங்கவில்லை.

லொறி லைனிங் போட்டது தப்புதான். இங்கே கிடைத்தது அதுதான்.

பண்டாரவளை விஷயம். உன்னைத் துரத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கராஜில் இருந்தவர்கள் உன்னைப் பற்றிப் பேசிய பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களைத் திட்டத் துணிவு வரவில்லை, உன்னைத் திட்டிவிட்டேன். அதைச் சொல்லாமலே இத்தனை வருடம் ஓடிவிட்டது. நீ பஸ் தரிப்பிடத்தில் அழுதாய் என்று இப்போதுதான் தெரியும். மனசு சரியில்லை.

மச்சானுக்கு என் அன்பு.

அண்ணன்


பியகம
2024 செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணே,

கடிதத்தின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தில் பண்டாரவளையைப் பற்றி எழுதியிருந்ததை நாலு தடவை வாசித்தேன். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆட்களை நானே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். போகட்டும். இப்போது கோபம் இல்லை. கொஞ்சம் அழுகை வந்தது, மேசையில் இருந்தவர்களிடம் தூசி என்று சொல்லிவிட்டேன்.

இனி கேளுங்கள். கோயில் மணி என்றீர்களே, அதுதான் விஷயம். லைனிங் டிரம்மைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். இது ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் டிரம்முக்கு ஒரு தட்டு. டிரம் மெல்லியது, அதனால் மணி மாதிரிப் பாடுகிறது. மணியை அடித்துவிட்டு விரலை வைத்தால் அடங்கிவிடுகிறதல்லவா. டிரம்முக்கும் ஒரு விரல் வைக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே பெரிய பெரிய வண்டிகளை வைத்திருந்தவர்கள் இதே கத்தலால் நொந்துபோய், டிரம்மின் வெளிப்பக்கத்தைச் சுற்றி ஸ்பிரிங் ஒன்றை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் சோதனை அறையில் பழைய புத்தகம் ஒன்றில் படம் இருக்கிறது. தேயிலை ஆலையில் கழித்துப்போட்ட மெஷினில் நீளமான ஸ்பிரிங் கிடைக்கும், தேடுங்கள்.

லைனிங் அனுப்புகிறேன். பித்தளை நூல் சேர்த்து நெய்தது, கல்நார் கிடையாது, லொறிச் சாமானைவிட மெத்தென்று இருக்கும். சோதனைக்கு வந்து மிஞ்சியது, மேலாளரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். டிரம் சுழன்று வந்து முதலில் தொடுகிற விளிம்பை அரத்தால் சரிவாகச் சீவிவிடுங்கள். ரிவெட் தலை மேலே தெரியக்கூடாது. மாட்டியபிறகு ஒரே நாளில் மலை இறக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நாலைந்து நாள் மெதுவாக ஓட்டி, மெதுவாக மிதித்து, லைனிங்கும் டிரம்மும் பழகட்டும். கையில் எண்ணெய்ப்பசை இருந்தால் லைனிங்கைத் தொடவேண்டாம்.

நூறு மைல் ஓடியபிறகு, வெள்ளைத் துணியால் டிரம்மின் உள்பக்கத்தைத் துடைத்து அந்தத் துணியை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்தால் லைனிங் எப்படித் தேய்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஜெயந்தினி


கொஸ்லந்த
2024 அக்டோபர் 16

என் அருமைத் தங்கச்சி,

வெற்றி. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள், பொனட்டின் மேல் வைத்து எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஸ்பிரிங் ஆலையில் கிடைத்தது. கட்டியபிறகு டிரம்மைத் தட்டினால் மரக்கட்டையைத் தட்டியதுபோல் இருந்தது. லைனிங் மாட்டி, விளிம்பு சீவி, இரண்டு வாரம் பங்களாவைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். கத்தல் முக்கால்வாசி குறைந்தது. ஆனால் இடது சக்கரத்தில் சின்னதாக ஒரு முனகல் மட்டும் விடாமல் இருந்தது. முதலாளி அதையும் கேட்டுவிட்டார். முகத்தைச் சுளித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது. எப்போதும்போல் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தோம். பூவம்மா கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போகாமல் அன்றைக்கு முழுக்க வண்டியோடே நின்றாள். ஸ்டியரிங்குக்கு நான் சந்தனம் வைத்தேன், சக்கரத்துக்கு அவள் வைத்தாள். மறுநாள் வண்டியை எடுத்து மிதித்தால் முனகல் இல்லை. மூன்று நாள் சோதித்துவிட்டேன். சத்தம் என்பதே இல்லை. முதலாளி வாசலில் நின்று கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். லைனிங் நன்றாகப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். பெடலைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது, அது சமதரை ஓட்டத்தில் பெரிய விஷயமில்லை.

பூவம்மா அம்மன் அருள் என்கிறாள். நான் தங்கச்சியின் அருள் என்றேன்.

துணி இத்துடன் இருக்கிறது. பார்த்துவிட்டு என்னைப் புகழ்ந்து நாலு வரி எழுது. முதலாளியிடம் காட்ட வேண்டும்.

உன் அண்ணன்


பியகம
2024 அக்டோபர் 22, காலை

அண்ணே,

தபாலுக்கு நேரமில்லை. பதுளை பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன். பெரகலச் சந்தியில் இப்றாஹீம் நானா கடையில் இறக்குவார், கடைப்பையன்கள் யாராவது உங்களிடம் சேர்ப்பார்கள். போனில் நேற்று இரண்டு தடவை எடுத்தேன். முதல் தடவை விளங்கவில்லை. இரண்டாவது தடவை நான் "எண்ணெய்" என்றதும் வைத்துவிட்டீர்கள்.

அந்தத் துணியில் எண்ணெய் இருக்கிறது. கிரீஸ் இல்லை, என்ஜின் எண்ணெய் இல்லை. ஒரு ஓரத்தைச் சூடான தட்டில் வைத்தேன். அறை முழுவதும் நல்லெண்ணெய் வாசம். என் மூக்கை நம்பாவிட்டால் போகட்டும், கருவியிலும் வைத்துப் பார்த்தோம்.

சத்தம் நின்றது லைனிங் பழகியதால் இல்லை. பிடிக்காமல் வழுக்குவதால். சமதரையில் மெதுவாக ஓட்டும்போது அது தெரியாது. கீழ்நோக்கி அரைமணி நேரம் மிதித்து டிரம் சூடேறினால் அந்த எண்ணெய் முழுவதும் மேலே வரும், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலாளிக்குப் பயந்து ஊற்றினீர்களா? உங்களுக்கு எண்ணெயும் பிரேக்கும் சேராது என்று நான் சொல்லித்தரவேண்டுமா? எதற்கு இப்படிச் செய்தீர்கள்? இரண்டு பேரை அந்த வண்டியில் ஏற்றப் போகிறீர்கள்.

வண்டியை இறக்கத்தில் எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயந்தினி


கொஸ்லந்த
2024 அக்டோபர் 23

ஜெயந்தினி,

உன் கடிதம் கிடைத்தது.

முப்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்தவனிடம் பிரேக்கில் எண்ணெய் ஊற்றினாயா என்று கேட்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் அதற்குப் பதில் வேறு விதமாக இருக்கும். நான் ஊற்றவில்லை. என் பிள்ளைகள் மேல் ஆணையாக ஊற்றவில்லை. நீ அங்கே எந்த மேசையில் அந்தத் துணியை வைத்தாயோ, அங்கே என்ன சிந்திக் கிடந்ததோ.

நன்றாக ஓடுகிற வண்டியில் நான் கையை வைக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை தனியாகக் கீழே கொஸ்லந்தக் கடைத்தெரு வரை இறக்கிப் பார்க்கப்போகிறேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன்.

சின்னராசா


கொஸ்லந்த
2024 அக்டோபர் 26

அன்புத் தங்கச்சி,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நான் மட்டும் வண்டியை இறக்கினேன். முதல் இரண்டு மைல் ஒன்றுமில்லை. பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போக ஆரம்பித்தது. புளியமரத்து வளைவில் முழுக்க மிதித்தேன், வண்டி கேட்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. எண்ணெயில் வழுக்குவது போல் போய்க்கொண்டே இருந்தது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, மேல்பக்கத்துத் தேயிலை மேட்டில் சக்கர மட்காட்டை உரசவிட்டேன். நாற்பது அடி உரசியபிறகு நின்றது. எனக்கு ஒன்றுமில்லை. கீழே இறங்கி வேலியோரத்தில் உட்கார்ந்தேன்.

வண்டியை இழுத்துவந்து டிரம்மைக் கழற்றினேன். நீ சொன்னது சரி. லைனிங் முழுக்க நல்லெண்ணெய். அதோடு டிரம் ஓட்டைக்குப் பக்கத்தில் விளக்குத் திரி நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நம் எஸ்டேட் அம்மன் கோயிலில் தேர் இழுக்கிற அன்று, பெண்கள் வீட்டு விளக்கிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் கொண்டுவந்து அச்சில் ஊற்றுவார்களே. அச்சு கத்தினால் அம்மன் அழுகிறாள் என்பார்கள், அவள் அழாமல் போகவேண்டும் என்று. ஆயுத பூசைக்குப் பூவம்மா அதைத்தான் செய்திருக்கிறாள். லைனிங் இடைவெளி பார்க்க டிரம்மில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்கு ரப்பர் மூடி. நான் மூடியைத் திறந்து பார்ப்பதை ஆறு வருடமாகக் கவனித்திருக்கிறாள், அதன் வழியாகத்தான் ஊற்றியிருக்கிறாள்.

அவள் மேல் தப்பில்லை தங்கச்சி. யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் நான் அவளிடம் பேசியதெல்லாம் சத்தத்தைப் பற்றித்தான். கத்துகிறது, கத்துகிறது, முதலாளி திட்டுகிறார், கத்தினால் வண்டி போய்விடும். வண்டி நிற்கவேண்டும் என்பதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. அது எனக்குத் தெரியும்தானே, அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவள் காதில் விழுந்த நோய்க்கு அவள் மருந்து கொடுத்தாள்.

முதலாளியிடம், எண்ணெய் டின் என் கையால் கவிழ்ந்தது என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வேன் போகிறது. சாவியை வாங்கிக்கொண்டார். கொழும்புக்காரர் நவம்பர் 17ஆம் தேதி வந்து பார்க்கிறாராம்.

பூவம்மாவுக்கு இது தெரியக்கூடாது. வண்டி மேட்டில் உரசியது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் அவள் இனி எந்தச் சாமிக்கும் விளக்கு வைக்கமாட்டாள், என் முகத்தையும் பார்க்கமாட்டாள். தீபாவளிக்கு நீ வருகிறாய் என்று சந்தோஷம். அவளிடம் ஒரு வார்த்தை விடாதே. எனக்காக.

அண்ணன்


பியகம
2024 நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தீபாவளி அன்று மூன்று தடவை வாயெடுத்தேன், நீங்கள் மாற்றி மாற்றிச் சீப்பணியாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். பஸ் ஏறும்போதும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லவேண்டும் என்று போகவில்லை. நீங்கள் கடைக்குப் போயிருந்த நேரம், அண்ணி வடை தட்டிக்கொண்டே, "முனகல் நின்னப்புறமும் முதலாளி வண்டிய வித்துப்புடுவாராமே. நான் செஞ்சது சரியா ஏறலியோ என்னமோ. இன்னொரு தடவை ஊத்திப் பாக்கவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? உங்கள் ஆசைப்படி ரகசியம் காத்திருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு கரண்டி போயிருக்கும்.

இரண்டு உள்ளங்கையையும் தேய்க்கச் சொன்னேன். பிறகு எண்ணெய் தடவித் தேய்க்கச் சொன்னேன். அவ்வளவுதான், அண்ணிக்கு விளங்கிவிட்டது. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியில் வடை கருகியது, நான்தான் இறக்கினேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு வண்டியில அவரு மட்டுமா இருந்தாரு?"

ஆமாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன், அதை எழுத வெட்கமில்லை. நீங்கள் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். "அதான் ஒரு வாரமா எங்கிட்ட அப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரா" என்றார். அண்ணே, உங்களுக்கு நடிக்க வராது.

முதலாளிக்கு நான் ஒரு அறிக்கை எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதற்கு அண்ணி, "நீங்க எழுதுறது இங்கிலீசுல இருக்கும், அவரு மடிச்சு வெச்சிருவாரு. நான் நேரா போறேன்" என்றார். எப்போது போவார் என்று சொல்லவில்லை. தடுக்க வேண்டாம்.

எண்ணெய் குடித்த லைனிங்கை நெருப்பில் வாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். புதிய சோடி ஒன்றை அண்ணியின் அரிசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். என் மேல் கோபம் என்றால் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

ஜெயந்தினி


கொஸ்லந்த
2024 நவம்பர் 24

என் அன்புத் தங்கச்சிக்கு,

கோபம் இருந்தது. ஒன்றரை நாள். உன் கடிதம் வந்த அன்றுதான் பூவம்மாவும் போனாள்.

பெரட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக பங்களா ஆபீசுக்குப் போயிருக்கிறாள். கொழுந்துக் கூடையோடு உள்ளே வந்து நின்றதைப் பார்த்து முதலாளி எழுந்து நின்றாராம். "எண்ணெய் ஊத்தினது நான் முதலாளி. அவரு இல்ல. அவரு கட்டுன பிரேக்குல வண்டி நல்லா நின்னுச்சு, நான்தான் அதக் கெடுத்தேன்" என்றாளாம். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "ஏன்டா, பொஞ்சாதி இவ்வளவு தூரம் நடந்து வந்து உண்மைய சொல்றா, நீ டின்னு கவுந்துச்சின்னு கத விட்டியே" என்றார். சாவியை மேசையில் வைத்தார். கொழும்புக்காரர் வருவதற்குள் ஒரு தடவை இறக்கிக் காட்டு, பார்ப்போம் என்றார்.

புதிய லைனிங் மாட்டினேன். டிரம்மை மூன்று தடவை கழுவினேன். இந்தத் தடவை பூவம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். எது எதைப் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே பல விஷயம் புதிதாக விளங்கியது. ஒரு வாரம் மெதுவாக ஓட்டிப் பழக்கினேன்.

பதினாறாம் தேதி காலை வண்டியை வாசலில் நிறுத்தினேன். முதலாளி பின்னால் ஜீப்பில் வருவதாகச் சொன்னார். புளியமரத்து வளைவைக் கேள்விப்பட்டவர், என் வண்டியில் ஏற அவருக்கு மனம் வரவில்லை, அதில் தப்பில்லை. தனியாகவே போகிறேன் என்று நான் ஏறி உட்கார்ந்தேன். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் பூவம்மா. ஆறு வருடத்தில் அந்த வண்டியைத் துடைத்திருக்கிறாள், பூ வைத்திருக்கிறாள், ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை.

"இறங்கு புள்ள" என்றேன்.

"ஓட்டுங்க" என்றாள்.

முதலாளியும் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. ஓட்டினேன்.

இறக்கம் முழுவதும் மிதித்து மிதித்து வந்தேன். டிரம் சூடேறிய வாசம் வந்தது, பெடல் இருந்த இடத்திலேயே இருந்தது. புளியமரத்து வளைவு வந்ததும் பின்னாலிருந்து "மிதிங்க" என்றாள். மிதித்தேன். வண்டி ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கடைசி இரண்டு அடியில் இடது சக்கரம் லேசாக முனகியது. முதலாளி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, "இன்னமும் சின்னதா கத்துதே சின்னராசா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பூவம்மா, "கத்தட்டும் முதலாளி. அது நிக்கிற சத்தம்" என்றாள். அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அங்கேயே நின்று கொழும்புக்காரருக்குப் போன் எடுத்து, வரவேண்டாம் என்றார்.

வண்டி எங்களிடமே இருக்கிறது, தங்கச்சி. அந்த முனகலுக்கு நீ ஏதாவது வழி வைத்திருந்தால் எழுது, அவசரமில்லை.

உன்மேல் கோபம் இல்லை. நீ வாக்கை மீறியது நல்லதுக்குத்தான். இதைப் போனில் சொல்லியிருக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். முதுகில், காலருக்குக் கீழே, சட்டைத் துணி ஒரு கைப்பிடி அளவு கசங்கி வியர்வையில் நனைந்திருந்தது. போன வழி முழுவதும் பூவம்மா அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. நான் பிரேக்கையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன்
சின்னராசா